இன்டர்லொக் போட்ட பிறகு

எங்கட கரையோரத்தில் ஒரு கடை பெரிய கடையாகிவிட்டது என்பதற்கு இப்போது மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கதவு, ஏசி, முன்னால் இன்டர்லொக் கல் பதித்த வாகனத் தரிப்பிடம். முதல் இரண்டைப் பற்றி எழுத எங்களிடம் ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பற்றி எழுதலாம், ஏனென்றால் அந்தக் கல்லை நாங்கள் கையால் தூக்கி அடுக்கியிருக்கிறோம்.

நாங்கள் என்றால் வினாயகபுரத்துப் பொடியன்கள் நாலு பேர். எல்லாரும் கலைப்பீடம். 2022 நெருக்கடிக்குப் பிறகு லீவு என்றால் வீட்டில் சும்மா கிடக்கிற காலம் போய்விட்டது. யாராவது ஒருவருக்கு வேலை கிடைத்தால் மற்ற மூன்று பேரும் பின்னால் போவோம். அப்படித்தான் ஒரு லீவில், ஏ4 வீதியோரம் உள்ள ஊர் ஒன்றில், கடை முன்னால் கல் பதிக்கிற வேலைக்குக் கையாள்களாகப் போனோம். எந்த ஊர், எந்தக் கடை என்பது தேவையில்லை. அக்கரைப்பற்றில் இருந்து கல்முனை வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்கள் மாறும், கடை முற்றங்கள் மாறாது.

அந்த வேலைக்குப் போகும்வரை எங்களுக்கு ஒரு எண்ணம் இருந்தது: கல்லை அடுக்கி, இடைவெளியில் சீமெந்து விட்டால் அதுதான் இன்டர்லொக். மேசன் காக்கா முதல் நாளே அதைத் திருத்திவிட்டார்.

"கல்லப் புடிச்சிரிக்கிறது சீமெந்தில்ல தம்பி, மணல். மணல் போனா கல்லு ஆடும். கல்லு ஆடினா எல்லாம் போச்சு."

அவர் சொன்னதை எங்கட வார்த்தையில் சொன்னால் இப்படி வரும். மேலே தெரிகிற கல் ஒரு தொப்பி மாதிரி. கார், ஓட்டோ ஓடுகிற இடத்துக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பு, லொறி வந்து சாமான் இறக்குகிற இடத்துக்கு 80 மில்லிமீற்றர். பாரத்தை உண்மையில் தாங்குவது அதற்குக் கீழே இருக்கிற கிறவலும் சல்லியும் கலந்த அடித்தளம். அதைத் தட்டு தட்டாகப் போட்டு, தண்ணி தெளித்து, மெஷினால் அமுக்க வேண்டும். அதற்கு மேலே மூன்று சென்ரிமீற்றர் அளவில் ஒரு மணல் படுக்கை. அதன் மேல்தான் கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டு, அதற்குள் காய்ந்த நைஸ் மணலைக் கூட்டி இறக்க வேண்டும். ஒரு கல்லில் சில்லு ஏறும்போது அந்த மணல்தான் பாரத்தைப் பக்கத்துக் கல்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. 'இன்டர்லொக்' என்ற பேருக்கு அர்த்தமே அந்த மணலில்தான் இருக்கிறது. சுற்றிவர ஓரக்கல் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு முற்றமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். கார் திரும்புகிற இடத்தில் கல்லை மீன்முள் மாதிரிச் சரித்து அடுக்கினால் சில்லு இழுக்கிற இழுப்பைத் தாங்கும். கடைசியாகச் சரிவு. ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றராவது இறக்கம் வேண்டும்.

இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கட்டாரில் எட்டு வருசம் வேலை செய்து படித்தது. நாங்கள் மூன்று வருசம் படித்தும் இவ்வளவு தெளிவாக ஒரு விரிவுரைக் குறிப்பு எழுதியதில்லை.

ஆனால் தெரிந்த மாதிரிச் செய்ய அவரை விடவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. அமுக்கிற மெஷின் அரை நாள் வாடகைக்கு மட்டும் வந்தது. எங்கட கரை மண் ஒரே அளவான உருண்டை மணல். காலை வைத்தாலே விலகும். அதை நனைத்து நனைத்துப் பலமுறை அமுக்கினால்தான் இறுகும். ஒரு தடவை ஓட்டிவிட்டு மெஷினைத் திருப்பி அனுப்பினார்கள். சரிவு எந்தப் பக்கம் என்று காக்கா கேட்டதற்கு வந்த பதில் ஒரே சொல்: "பின்னுக்கு." பின்னுக்கு வடிகான் இல்லை. ஒரு மதில் இருந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு வீடு.

அந்த வீட்டு ராத்தாதான் எங்களுக்குப் பத்து நாளும் பிளேன்டீ தந்தவ. அவவின்ட கிணத்துத் தண்ணிதான் நாங்கள் குடித்ததும். உப்பில்லாத, குளிர்ந்த தண்ணி. கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் அப்படித் தண்ணி கிடைப்பது சின்ன விசயம் இல்லை.

வேலை முடிந்து, காசு வாங்கி, நாங்கள் கம்பஸுக்குத் திரும்பிவிட்டோம். வாடைக்காற்று மழை தொடங்கி மூன்றாவது கிழமை அந்தப் பக்கம் போக வேண்டி வந்தபோது இறங்கிப் பார்த்தோம். முன்வாசலில் லொறி நிற்கிற இடம் சட்டி மாதிரிப் பதிந்திருந்தது. அதற்குள் தண்ணி. மூலைக்கல் இரண்டு எழும்பி நின்றது. மிச்சத் தண்ணி எல்லாம் சொன்ன மாதிரியே பின்னுக்குப் போய், மதிலின் அடியால் ராத்தாவின் வளவுக்குள் இறங்கியிருந்தது. கிணற்றைச் சுற்றிக் கலங்கல். கடை முற்றத்தில் ஒழுகிய டீசலும் ஒயிலும் அந்தத் தண்ணியின் மேல் நிறம் நிறமாக மிதந்தது.

"முன்னெல்லாம் அது வெறும் மணல் வளவு தம்பிமார். எவ்வளவு பேஞ்சாலும் ரெண்டு மணித்தியாலத்தில குடிச்சிரும்" என்றா ராத்தா.

இதற்குப் பிறகு கடைக்காரர் செய்ததுதான் எங்களை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. அடுத்த முறை போனபோது பதிந்த இடம் முழுக்கச் சீமெந்துக் கரைசல் ஊற்றி அடைத்திருந்தது. கல்லுகளுக்கு இடையில் இருந்த அந்த மூன்று மில்லிமீற்றரும் மூடிவிட்டது. பார்க்கத் திருத்திய மாதிரித்தான் இருந்தது. ஆனால் அதோடு இரண்டு கதவுகள் பூட்டுப்பட்டன. ஒன்று, தண்ணி கொஞ்சமாவது கீழே இறங்கிய வழி. மற்றது, அந்தக் கல்லைக் கழற்றித் திரும்பப் பதிக்கிற வழி.

இரண்டாவது கதவைப் பற்றி முதலில் சொல்கிறோம்.

கொங்கிறீட் கல்லால் தெரு பாவுகிற முறை பரவலானது நெதர்லாந்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. சரித்திரப் புத்தகத்தில் நாங்கள் படித்த அதே ஒல்லாந்தர். 1940இல் ஜெர்மனியின் குண்டுவீச்சில் றொட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமானது. போர் முடிந்தபோது செங்கல் எல்லாம் வீடு கட்டவே போதவில்லை. தெருவுக்குப் போடச் செங்கல்லுக்குப் பதிலாகக் கொங்கிறீட் கல் வந்தது. அந்த நாட்டின் பெரும்பகுதி தாழ்ந்த, ஈரமான, மெல்லப் பதிகிற நிலம். தெரு பதியும் என்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். அதனால்தான் கழற்றி, கீழே மணல் நிரவி, அதே கல்லைத் திரும்ப வைக்கக்கூடிய ஒரு தளம் அவர்களுக்குப் பொருந்தியது. தண்ணிக் குழாய் உடைந்தாலும் கல்லைக் கிளப்பி, திருத்தி, பழையபடி வைக்கலாம்.

அதாவது இன்டர்லொக் பழுதாகாது என்று யாரும் கண்டுபிடித்த பொருள் இல்லை. பழுதானால் லேசாகத் திருத்தலாம் என்பதுதான் அதன் பெருமை. நாங்கள் இங்கே கல்லை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, திருத்துகிற பழக்கத்தை விட்டுவிட்டோம். பதிந்தால் சீமெந்து ஊற்றுகிறோம். ஊற்றிய இடம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். ஏழெட்டு வருசத்தில் முழுவதையும் கிளப்பி எறிந்துவிட்டுப் புதுக்கல் போடுகிறோம். மேசன் காக்கா சொன்ன கணக்குப்படி, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்த பிறகும் இரண்டு பேர் அரை நாள் நின்று, புல்லைப் பிடுங்கி, இடைவெளிக்கு மணல் கூட்டி, ஆடுகிற கல்லை எடுத்துச் சரிபண்ணினால் போதும். இதற்குச் சீமெந்து ஒரு பக்கெட்டும் தேவையில்லை.

தார் போட்ட தரிப்பிடமும் இதே கதைதான், வேறு மொழியில். எங்கட ஆக்கள் 'காபட்' என்று சொல்கிற கலவையில் நிறைப்படி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கல்லும் மணலும்தான். தார் ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும். அந்த ஐந்து பங்குதான் மற்ற எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிக்கிறது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது வறண்டு போகும். பிறகு மயிர் அளவு வெடிப்பு வரும். அதற்குள் தண்ணி இறங்கி அடித்தளத்தை இளக்கும். மேலே பாரம் ஏற ஏற முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். அதற்கு அடுத்த கட்டம் குழி. வெடிப்பு மயிர் அளவாக இருக்கும்போது அடைத்தால் ஒரு வாளித் தாரோடு காரியம் முடியும். குழியான பிறகு அடித்தளம் வரைக்கும் வெட்ட வேண்டும். டீசல் ஒழுகினால் தார் கரையும். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளின் சைட் ஸ்டாண்ட் தாருக்குள் புதைவதை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

தண்ணி இதில் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு மதுரையில் ஒரு நல்ல கதை இருக்கிறது. தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், வேதியியல்காரர், சூடாக்கிய சல்லியின் மேல் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தூவினார். அது உருகிச் சல்லியில் ஒரு தோல் மாதிரிப் படிந்தது. அதன் மேல் தாரைக் கலந்தபோது, கல்லுக்கும் தாருக்கும் இடையில் தண்ணி புகுவது குறைந்தது. 2002 அளவில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வீதி போட்டுப் பார்த்தார். பிறகு அது தமிழ்நாட்டின் பல வீதிகளுக்குப் போனது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் பாதுகாக்கிறோம் என்று எதையும் பூசிவிடவும் முடியாது. அமெரிக்காவில் தரிப்பிடங்களைக் கறுப்பாக மினுங்க வைக்க நிலக்கரித் தாரில் செய்த ஒரு பூச்சை வருசக்கணக்காக அடித்தார்கள். அது தேய்ந்து தூளாகி மழைத் தண்ணியோடு ஓடைகளில் சேர்ந்தது. அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருப்பது தெரிந்த பிறகு டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரம் 2006இல் அதைத் தடைசெய்தது. 2011இல் வொஷிங்டன் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. தரையில் ஊற்றுவது தரையிலேயே நிற்காது என்பதை அவர்கள் ஓடையில் கண்டார்கள். நாங்கள் ராத்தாவின் கிணற்றடியில் கண்டோம்.

இனி முதல் கதவுக்கு வருவோம், தண்ணி கீழே இறங்குகிற வழிக்கு.

எங்கட கரை ஒடுக்கமான ஒரு மணல் பட்டி. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். அந்தப் பட்டியின் மேல்தான் ஏ4 வீதியும் எங்கட ஊர்களும் அடுத்தடுத்து மதிலோடு மதிலாக இருக்கின்றன. மணலுக்குள் இறங்குகிற மழைத் தண்ணி கீழே இருக்கிற உப்புத் தண்ணியின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணி பாரம் குறைவு என்பதால் அப்படி. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அந்த மெல்லிய நல்ல தண்ணிப் படலத்தைத்தான். அதற்கு வேறு ஊற்று இல்லை. மேலே இருந்து பெய்கிறது, மணல் வழியாக இறங்குகிறது, அவ்வளவுதான்.

இதை எங்கட பெற்றோர் தலைமுறை புத்தகத்தால் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். நாங்கள் அப்போது கைக்குழந்தைகள். உயிர் தப்பிய ஆக்கள் திரும்பி வந்தபோது கிணறு எல்லாம் உப்பு. சுத்தமாக்க மோட்டார் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கீழே இருந்த உப்புத் தண்ணி மேலே ஏறியது. கடுமையாக இறைக்க வேண்டாம், மழை வந்து தானாகக் கழுவட்டும் என்று நிபுணர்கள் பிறகு சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டுத் தந்தது பெரும்பாலும் வாடை மழையும் அதைக் குடித்த மணலும்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம் உள்ள ஒரு தரிப்பிடம் 300 சதுர மீற்றர். ஒரு பெரிய மழை நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்த முற்றத்தில் மட்டும் விழுவது 30,000 லீட்டர். கூரையில் வைக்கிற 1,000 லீட்டர் கறுப்புத் தாங்கி முப்பது. முன்பு இதை மணல் குடித்தது. இடைவெளி திறந்த கல்லாக இருந்தால் ஒரு பங்கையாவது குடிக்கும். சீமெந்து ஊற்றிய கல் குடிக்காது. முப்பது தாங்கித் தண்ணியும் யாரோ ஒருவரின் மதிலைத் தேடிப் போகும். இதை ஒரு கடையால் இல்லாமல் ஒரு முழு வீதியால் பெருக்கிப் பாருங்கள். கடை, வங்கி, கல்யாண மண்டபம், கோயில் வீதி, பள்ளிவாசல் முற்றம், பாடசாலை வாசல். எல்லாம் ஒரே பட்டியில்.

2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மத்ரசாப் பிள்ளைகள் தண்ணியில் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அது வயல்வெளியில் பெருகிய வெள்ளம். ஒரு கடை முற்றத்தை அதோடு முடிச்சுப் போட நாங்கள் வரவில்லை. ஆனால் தண்ணி எங்க போகும் என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த மண்ணில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகும் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒல்லாந்தருக்கே இப்போது இந்தப் புத்தி வந்திருக்கிறது. கல் பாவிய முற்றங்களால் மழைத் தண்ணி தேங்குகிறது, சூடு கூடுகிறது என்று, கல்லைக் கிளப்பி மண்ணும் செடியும் வைக்கிற ஒரு போட்டியே நடத்துகிறார்கள். 2020இல் றொட்டர்டாமும் அம்ஸ்ரடாமும் மோதிக்கொண்டது, அடுத்த வருசம் நாடு முழுக்கப் பரவியது. எந்த ஊர் கூடுதலான கல்லைக் கிளப்பியது என்று எண்ணிப் பரிசு கொடுக்கிறார்கள். எங்கட ஊர்களுக்கு இடையில் கிரிக்கெட்டில் இருக்கிற போட்டிக்கு இது நல்லாய்ப் பொருந்தும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். சிரித்தோம், ஆனால் அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

கல்லே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழை நாளில் சேற்றுக்குள் நின்று சாமான் வாங்கிய அம்மாவுக்குக் கல்லின் அருமை தெரியும். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவருக்கு மணல் வளவு ஒரு மதில் மாதிரி. நாங்கள் கேட்பது, போட்ட பிறகு என்ன என்பதைத்தான். இங்கே எந்த வேலைக்கும் திறந்துவைத்தவரின் பெயர்க்கல் உண்டு. அதைக் கூட்டி, மணல் போட்டு, வருசா வருசம் பார்ப்பவரின் பெயர் எங்கேயும் இல்லை. மதிப்பீட்டிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

இந்த வருசம் எங்கட ஊரில் ஒரு பொது முற்றத்துக்குக் கல் பதிக்கிற பேச்சு வந்தது. கூட்டத்துக்கு நாலு பேரும் போனோம். மூன்று விசயம் கேட்டோம். வேப்பமரத்தைச் சுற்றியும் மதிலோரமாகவும் மணலை அப்படியே விடவேண்டும், சரிவு அந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும். கல்லுக்கு இடையில் சீமெந்து விடக் கூடாது. ஒவ்வொரு தை மாதமும் மணலுக்கும் கூலிக்கும் என்று கணக்கில் ஒரு தொகை ஒதுக்கவேண்டும்.

முதல் இரண்டுக்கும் பெரிய எதிர்ப்பில்லை. மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பு. "கடக்கரை ஊரில மணலுக்குக் காசா மனே?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். கடற்கரை மணலில் உப்பு, அதை விடக் கூடாது, கழுவின ஆற்று மணல் வேண்டும் என்று விளக்கினோம். கொஞ்ச நேரம் இழுபட்டது. கடைசியில் கணக்குப் பார்க்கிறவர் கொப்பியை எடுத்தார்.

"காச நாங்க பார்க்கிறம். வேலைக்கு ஆர் பொறுப்பு? பேரைச் சொல்லுங்க, எழுதிறன்."

நாலு பேரின் பேரையும் எழுதினார். தை மாதம் நாங்கள் ஊரில் நிற்க வேண்டும்.